அரண்மனை இல்லாத தலைநகரம்

திருத்தணி

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்து, ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது.

தோழிகளோடு காஞ்சிபுரம் போகப் போவதாகவும், ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று வரிசையாக எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். சாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். ‘பல்லவர் தலைநகரத்தைப் பார்க்கணும் பெரியம்மா’ என்று எழுதியிருந்தாய். அந்த ஆசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே ஆசையோடு போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். காஞ்சியில் அரண்மனை கிடையாது. மதுரைக்குப் போனால் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. தஞ்சாவூரில் நாயக்கரும் மராட்டியரும் இருந்த அரண்மனை இருக்கிறது. இங்கிருந்து வடக்கே, திருப்பதியை ஒட்டிய சந்திரகிரியில், விசயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் இருந்த ராஜமகால் மூன்று மாடியோடு இன்றும் நிற்கிறது. காஞ்சியிலோ, ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வட தமிழகத்தை ஆண்ட ஒரு மரபின் தலைநகரில், இதுதான் அரசன் உட்கார்ந்த இடம் என்று கைகாட்ட ஒரு குட்டிச்சுவர்கூட மிஞ்சவில்லை. காரணம் எளிது. அந்தக் காலத்தில் மனிதர் குடியிருக்கும் கட்டடம், அது அரசனுடையதாக இருந்தாலும், செங்கல்லும் மரமும் சுதையும்தான். கோயில்களே வெகுகாலம் அப்படித்தான் இருந்தன. அதனால்தான் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்மன், விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்துவிட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுப்பித்தேன் என்று பெருமையோடு எழுதி வைத்தான். கல் கடவுளுக்குப் போயிற்று. அரசனின் வீடு மண்ணோடு போயிற்று.

அப்படியானால் தலைநகரத்தை எங்கே போய்ப் பார்ப்பது? சுவரில் பார்க்க வேண்டும். காஞ்சிக்குப் போகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போ. ஆழ்வார் பாடலில் பரமேச்சுர விண்ணகரம் என்று பெயர் பெற்ற கோயில் அது. பேருந்து நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் கட்டியது. மூன்று நிலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் அருள்கிறார். சேவித்துவிட்டு உடனே வெளியே வந்துவிடாதே. கருவறையைச் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபத்துக்குள் போ. வரிசையாகச் சிங்கத்தூண்கள். அவற்றுக்குப் பின்னால் உள்ள சுவரில், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கில், சிற்பங்கள் நீளமாக ஓடும். முடிசூட்டு, போர், யானைப்படை, குதிரைப்படை, அரசன் முன்னால் கைகட்டி நிற்கும் மனிதர்கள், மறுபடியும் முடிசூட்டு. அதுதான் பல்லவர் வரலாறு. பல்லவரே எழுதி வைத்தது, அதுவும் கல்லில்.

எல்லாவற்றையும் பார்த்தால் தலை சுற்றும். ஒரே ஒரு கதையைத் தேடிப்பிடி. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோனான். நாட்டுக்கு அரசன் இல்லை. அமைச்சரும் நகரத்தாரும் கடிகையாரும் கூடி, பல்லவரின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மன் என்பவனிடம் போய், வந்து ஆளுங்கள் என்று கேட்கிறார்கள். அவன் இருந்த நாடு எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு தீரவில்லை. இரணியவர்மன் தன் குலத்தாரைக் கேட்கிறான். மறுக்கிறார்கள். தன் மகன்களைக் கேட்கிறான். மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறுக்கிறார்கள். கடைசியாக, பன்னிரண்டு வயதுப் பையன் பல்லவமல்லன், நான் போகிறேன் என்கிறான். தகப்பனுக்கு மனம் வரவில்லை. தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் தேற்றுகிறார். பையன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். யானைமேல் ஏற்றி எதிர்கொண்டு அழைத்துப்போய் முடிசூட்டுகிறார்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் சிற்பங்களோடு பழைய எழுத்தில் விளக்கமும் பொறித்திருக்கிறார்கள். தன் சொந்தக் கதையை மட்டும் யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாது என்று அந்த அரசன் கவலைப்பட்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறந்த உரிமையால் வந்தவனுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

மணற்கல் ஆனதால் பல முகங்கள் தேய்ந்து போயிருக்கும். வருத்தப்படாதே. முகம் போனாலும் கை இருக்கும், கை போனாலும் குடை இருக்கும். குடையின் கீழே இருப்பவன் அரசன். தொங்கவிட்ட கால், எதிரே குனிந்த தலை, பின்னால் சாமரம் என்று பார்க்கப் பழகிவிட்டால், தேய்ந்த கல்லும் பேசும். நீ தேடிப்போகிற அரண்மனையும் அரசவையும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன.

இந்தச் சிற்பங்களை வரிசையாக அடையாளம் கண்டு சொன்னவர் ஒரு பெண் என்பதை உன் தோழிகளிடம் கட்டாயம் சொல். சி. மீனாட்சி. 1905-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்களில் அங்கே அவரே முதல்வர். பல்லவர் ஆட்சியையும் சமுதாயத்தையும் பற்றிய அவருடைய நூல் 1938-இல் வந்தது. இந்தக் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிய நூலைத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல் 1940-இல் போய்விட்டார். இன்று வழிகாட்டிகள் சுவரைக் காட்டிச் சொல்கிற கதையில் பெரும்பங்கு அவர் படித்துச் சொன்னது. பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை.

அங்கிருந்து கைலாசநாதர் கோயிலுக்குப் போ. ஊரின் மேற்குக் கோடியில், பிள்ளையார்பாளையம் தாண்டி இருக்கிறது. மகேந்திரவர்மனின் மகன் மாமல்லனின் வழிவந்த ராஜசிம்மன் கி.பி. 700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்தது. நீ சிவகாமியின் சபதம் படித்துவிட்டுப் போகிறாய் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. கல்கியை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நாவல் நடக்கும் காலத்தில், மகேந்திரனும் மாமல்லனும் ஆண்டபோது, இந்த இரண்டு கோயில்களும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள். அந்தத் தெருக்களில் சிவகாமியைத் தேடினால் அகப்பட மாட்டாள்.

கைலாசநாதரில் வாசலுக்கு வெளியே சிறு சிறு கோயில்கள் வரிசையாக நிற்கும். எல்லோரும் அவற்றைத் தாண்டி உள்ளே போய்விடுவார்கள். நீ நில். அவற்றில் ஒன்றை எடுத்தவள் ரங்கபதாகை என்கிற அரசி. அவளுடைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. உள்ளே போனால் பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு கோயில்கள். அவற்றில் ராஜசிம்மனின் விருதுப்பெயர்கள் இருநூறுக்கும் மேலாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ரணஜயன், அத்யந்தகாமன், வாத்தியவித்யாதரன் என்று போகும். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் போர் வென்றவன் என்ற பெயரோடு இசை தெரிந்தவன் என்ற பெயரும் வேண்டுமென்று நினைத்த அரசனை எனக்குப் பிடிக்கும். சில அறைகளுக்குள் எட்டிப்பார்த்தால் பழைய ஓவியத்தின் சிவப்பும் கறுப்புக் கோடும் துண்டு துண்டாகத் தெரியும். கோயில் முழுவதும் ஒரு காலத்தில் வண்ணத்தில் இருந்திருக்கும். இன்றைய மங்கல் நிறத்தைப் பார்த்து அதை எடைபோடாதே.

இப்போது நான் சொல்வதை அங்கே யாராவது சொல்வார்களா தெரியாது, அதனால் குறித்துக்கொள். விமானத்துக்கு முன்னால் உள்ள மண்டபத் தூண் ஒன்றில் பழைய கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அதைப் பொறித்தவன் பல்லவன் இல்லை. பல்லவனின் பரம எதிரி, வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். 642-இல் மாமல்லன் வாதாபியைப் பிடித்து அழித்தது உனக்குத் தெரியும். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 740 வாக்கில், அந்த வாதாபி மரபில் வந்தவன் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தான். யாரை வென்றுகொண்டு நுழைந்தான்? காலையில் நீ சுவரில் பார்த்த அந்தப் பையனை, நந்திவர்மனை. ஊரே நடுங்கியிருக்கும். தாத்தன் பட்டதற்குப் பேரன் பழிதீர்ப்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விக்கிரமாதித்தன் ஊரை அழிக்கவில்லை. இந்தக் கோயிலுக்குள் வந்து பார்த்தான். இதன் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைத் தன் மொழியில் எழுதியும் வைத்தான். அவனுடைய அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலைப் பார்த்தால், இந்தக் கைலாசநாதரின் சாயல் தெளிவாகத் தெரியும். பிடித்த ஊரிலிருந்து அவர்கள் கொண்டுபோனது கட்டடக் கலையை. நந்திவர்மன் பின்னால் காஞ்சியை மீட்டு, அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டான்.

இன்னொன்று அந்தக் கல்வெட்டில் உண்டு. இந்த எழுத்தை அழிப்பவர்கள், இவ்வூர்க் கடிகையின் பெருமக்களைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள் என்று முடிகிறது. கடிகை என்பது காஞ்சியின் உயர்கல்விக் கூடம். நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன் கருநாட்டிலிருந்து அதில் படிக்க வந்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரனோடு தகராறாகி, படிப்பை விட்டுவிட்டு வாளெடுத்தான். கதம்பர் என்ற அரச மரபே அப்படித்தான் பிறந்தது என்று தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. அரசனைத் தேடிப்போனவர்களில் கடிகையாரும் இருந்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே கடிகைதான். இன்று அது எந்தத் தெருவில் இருந்தது என்று காட்ட முடியாது. படித்தவர்களைக் கொல்வதே உலகத்தில் மிகப்பெரிய பாவம் என்று ஒரு பகையரசன் நினைத்து எழுதினானே, அந்த வரியில் அது இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்தத் தூணுக்கு முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு வா.

தலைநகரம் என்றால் வென்ற மதத்தின் ஊர் மட்டும் என்று நினைத்துவிடாதே. சீனத் துறவி யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், எண்பது அளவில் கோயில்கள், ஏராளமான சமணர்கள் என்று எழுதினார். அவருக்கு முன்பே நாலந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலர் பிறந்த ஊரும் இதுதான் என்றார். அந்த மடங்களில் ஒன்றாவது இப்போது நிற்கிறதா என்றால் இல்லை. காமாட்சியம்மன் கோயிலில் 1915-இல் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் கண்ட உயரமான புத்தர் சிலை சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நீ சென்னையில்தானே இருக்கிறாய். எழும்பூர் போய் அதைப் பார்த்துவிட்டுக் காஞ்சிக்கு வந்தால் ஊர் வேறாகத் தெரியும். சமணரின் காஞ்சி மட்டும் பிழைத்திருக்கிறது. வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டினார். விதானம் முழுவதும் தீர்த்தங்கரர் வரலாறு வண்ணத்தில் ஓடுகிறது. காஞ்சிக்கு வருகிற கூட்டத்தில் அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு. நேரம் இருந்தால் போகலாம் என்று சொல்ல மாட்டேன், நேரம் ஒதுக்கிப் போ.

ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராசர் கோயில்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உன் அம்மா சொல்லுவாள். ஏகாம்பரநாதரின் பெரிய கோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியது, பல்லவருடையது இல்லை என்று மட்டும் தெரிந்துகொள். 2019-இல் வரதராசர் கோயிலில் அத்திவரதரைப் பார்க்க 48 நாள் நாடே திரண்டு வந்த அதே நாட்களிலும் வைகுண்டப் பெருமாள் கோயில் அங்கேதான் இருந்தது.

பட்டுப்புடவை எடுப்பதும் உன் திட்டத்தில் இருக்கிறது. எடு. ஆனால் ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடைக்குள் முதலில் நுழையாதே, கடைக்கு ஆள் கொண்டுவந்ததற்கான கமிஷனும் உன் புடவை விலையில்தான் ஏறும். கைலாசநாதருக்குப் போகிற வழியில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் கொஞ்சம் நட. தறிச் சத்தம் கேட்கும் வீட்டுத் திண்ணையில் கேட்டால் உள்ளே பார்க்க விடுவார்கள். கோர்வை போடுவதைப் பார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா. உடலும் கரையும் வேறு வேறு நிறம், அவை சேரும் இடத்தில் ஒவ்வொரு இழையும் கைப்பட ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். துணை ஆள் இல்லாமல் அது நடக்காது. அந்தத் துணை பெரும்பாலும் வீட்டுப் பெண்களாக இருப்பார்கள். அவர்கள் உழைப்புக்கு என்ன கூலி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கடையில் போய் விலை பேசு.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணி அளவில்தான் திறக்கும். ஆகவே காலை வெளிச்சத்தில் சுவரைப் பார், சாயங்கால வெயிலில் கைலாசநாதரைப் பார். நடுவில் தறியும் சாப்பாடும். நீ இங்கே வந்து, திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டர்தான். அரக்கோணத்தில் ஏறினால் ரயில் தக்கோலத்தில் நின்று போகும். 949-இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட போர்க்களம் அந்த ஊர். சன்னல் ஓரம் உட்கார்.

அதனால் சென்னையிலிருந்து நேராகக் காஞ்சிக்குப் போய்த் திரும்புவதைவிட, முதல் நாள் இங்கே வந்து தங்கு. இதை நான் சொல்வதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. பல்லவர் கதையின் கடைசிப் பக்கம் திருத்தணியில் இருக்கிறது. முருகனைப் பார்க்க மலையேறுகிற கூட்டம் கீழே நந்தி ஆற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலைக் கவனிப்பதில்லை. பல்லவரில் கடைசி அரசன் அபராசிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் அதைக் கல்லால் எடுப்பித்தார். பின்பக்கம் வளைந்த தூங்கானை மாட விமானம். அங்கே உள்ள தமிழ் வெண்பாக் கல்வெட்டை அரசனே பாடியதாகச் சொல்கிறார்கள். அந்த அபராசிதனைத்தான் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் வென்று, தொண்டை மண்டலத்தைச் சோழநாட்டோடு சேர்த்தான். அந்த வெற்றியைச் சொல்லும் செப்பேடுகளும் 1905-இல் பக்கத்துத் திருவாலங்காட்டிலேயே கிடைத்தன. 1977-இல் நம்மூருக்கு அருகே வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று தோற்ற அபராசிதனுடையது. மற்றது வென்ற ஆதித்தனின் மகன் பராந்தகனுடையது. இரண்டும் ஒரே ஊரில்.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடு. சனிக்கிழமை விடிந்ததும் ஆற்றங்கரைக் கோயிலுக்கு நானே உங்களைக் கூட்டிப்போகிறேன். பார்த்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் காஞ்சிக்குக் கிளம்பலாம். நான்கு பேருக்கும் படுக்க இடம் இருக்கிறது. வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
பெரியம்மா